ஊசல் சாரும் ஒரு வார்த்தையும்

கடவுள் இல்லை என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். உண்டு என்று சொன்னவர்களோடு ஆயுசு முழுக்கக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஆனால் ஒருநாள் இல்லை என்றும், மறுநாள் தெரியாது என்றும், அதையும் மைக் பிடித்து ஊர் ஊராகப் போய்ச் சொன்ன மனுஷர், பொதிகை மலையில் தொடங்கிக் கடல்வரைக்கும் இந்தத் தாமிரபரணிக் கரையில் ஒருவர்தான். அந்த ஒருவரும் எங்கேயும் இடம் கிடைக்காமல் என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்.

பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் திருநெல்வேலி டவுனில் பாதிப் பேருக்கு ஆள் பிடிபடாது. ஊசல் சார் என்றால் கைக்குழந்தை கூட மாடிப்படியைக் காட்டும். கல்லூரியில் பிசிக்ஸ் வாத்தியார். எங்களைப் போல ஒரு சைவக் குடும்பத்தில்தான் பிறந்தார். ஆனால் நெற்றி மட்டும் எப்போதும் துடைத்து வைத்த சிலேட்டுப் பலகை.

சனி ஞாயிறு ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏரல், ஸ்ரீவைகுண்டம், உடன்குடி என்று ஊர் ஊராக அறிவியல் கூட்டம். கயிற்றில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டுப் பாடம் சொல்வார். அதற்குப் பெயர் ஊசலாம். ஒருதடவை ஏரலில் அந்தக் குண்டு கயிறு அறுந்து ஆற்றில் போய்விட்டது. அன்றிலிருந்து என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைச் செம்புதான் அவருக்குக் குண்டு. உள்ளே மணலை நிரப்பி வாயைக் கட்டிவிடுவார். செம்பை மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு நின்று, பைய விடுவார். அது அந்தக் கோடிவரை போய், திரும்ப அவர் மூக்கைப் பார்த்துப் பாய்ந்து வரும். பொம்பளைகள் "ஐயோ" என்று கத்துவார்கள். மூக்கைத் தொட ஒரு நூல் இருக்கும்போது நின்று திரும்பிவிடும். அவர் இமை கொட்டமாட்டார்.

"இயற்கை விதி ஆளை ஏமாத்தாது" என்பார்.

இதற்கு ஒத்திகை என் வீட்டு ஹாலில், ஊஞ்சல் கொக்கியில். மூக்கு அவருடையது, செம்பு என்னுடையது. எனக்குச் செம்பைப் பற்றித்தான் கவலை.

மகள் பிறந்தபோது, சாமி பெயர் கூடாது என்று இவர் நிற்க, காந்திமதி என்றுதான் வைக்க வேண்டும் என்று அவர் மனைவி கோமு நிற்க, கடைசியில் யாருக்கும் சேதமில்லாமல் 'மதி' என்று வைத்தார்கள். அந்த வீட்டில் எல்லாமே அப்படிப் பாதியில் நிற்கும். 'இல்லை' நாளில் சாமி விளக்குக்கு எண்ணெய் வாங்கப் பணம் தரமாட்டார். 'தெரியாது' நாளில் கேட்டால் பையில் கை விடுவார். கோமு விடிந்ததும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வருவாள்.

"ஆச்சி, இன்னைக்குத் தெரியாது. எண்ணெயைச் சேத்து வாங்கிப் போட்டுருதேன். நாளைக்கு என்ன வருமோ."

தபால்காரர் கனத்த கட்டு கொண்டுவந்தால் வீட்டில் காற்று மாறும் என்று அர்த்தம். இங்கிலீஷ் புத்தகம். வெள்ளைக்கார விஞ்ஞானிகளும் இவரைப் போலத்தான் போலிருக்கிறது. ஒருத்தர் இல்லை என்று எழுதியிருப்பார். மறுபுத்தகத்தில் அவரே, அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்பார். அவர்கள் அங்கே கடல் கடந்து யோசிக்கிறதற்கு இங்கே கோமுவின் விளக்கு அணைந்து அணைந்து எரியும்.

நான் படித்தது ரெண்டாம் கிளாஸ். அதற்குமேல் படித்திருந்தால் எனக்கும் இந்தக் கோளாறு வந்திருக்கும். ஆனாலும் விடாமல் ஒருநாள் கேட்டேன்.

"சார், இல்லைங்கிறதுக்கும் தெரியாதுங்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். யாரும் கேட்காத கேள்வி அல்லவா. "ஆச்சி, ஒரு வீட்டுக் கதவைத் தட்டுதேன். யாரும் திறக்கல. திரும்பத் தட்டுதேன். சத்தமே இல்ல. உள்ள ஆளு இல்லைன்னு சொல்லலாமா, இருக்காங்களான்னு தெரியாதுன்னு சொல்லலாமா?"

"நீங்க எதுக்குச் சும்மா தட்டிக்கிட்டு நிக்கிய? கீழ் வீட்டுல என்னைக் கேட்டா சொல்லுவேன்லா, ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்காங்கன்னு."

அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை என்று கோமு சொன்னாள். யோசித்துக்கொண்டே இருந்தாராம்.

உடன்குடிப் பக்கம் ஒரு கூட்டத்தில் நாக்கில் சூடத்தை ஏற்றிக் காட்டினார். இதற்குச் சாமி அருள் வேண்டாம், எச்சில் இருந்தால் போதும் என்று விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஓர் அம்மாள் காலில் விழுந்துவிட்டாள்.

"சாமி, என் எருமையைக் காணல. எங்கன நிக்குன்னு சொல்லணும்."

"நான் சாமி இல்லம்மா. எருமை எங்கன நிக்குன்னு எனக்குத் தெரியாது."

அந்த அம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "இதுக்கு முந்தி வந்தவன் கிழக்க நிக்குன்னு பொய் சொல்லி வெத்தலை பாக்கு வாங்கிட்டுப் போனான். இந்தச் சாமிதான் உள்ளதைச் சொல்லுது" என்றாளாம்.

எருமைக்கு என்ன தோன்றியதோ, மறுநாள் தானே வீடு வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி எங்கள் வாசலில் வந்து இறங்கியது. காணிக்கை. "திருப்பி அனுப்புங்க, இது மூடநம்பிக்கை" என்று சார் மாடியில் நின்று குதித்தார். "கருப்பட்டி உங்களை என்ன செஞ்சுது?" என்று கோமு உள்ளே எடுத்து வைத்துவிட்டாள். அந்த மழைக்காலம் முழுக்க மேலும் கீழும் கருப்பட்டிக் காப்பிதான். அவரும் குடித்தார். 'தெரியாது' நாளில் இரண்டு டம்ளர்.

ஊரெல்லாம் பிள்ளையார் பால் குடித்தாரே, அது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருக் கோயிலில் வரிசை தெருமுக்கில் திரும்பி நின்றது. சாருக்குப் பொறுக்கவில்லை. என் ஆட்டுரலைத் தெருவுக்கு உருட்டிக் கொண்டுபோய் வைத்து, குழவியின் விளிம்பில் கரண்டிப் பாலை வைத்தார். பால் இறங்கிற்று.

"பாருங்க, குழவியும் குடிக்கு! கல்லு எதுவானாலும் குடிக்கும்! இதுல சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல!"

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒருவருக்கொருவர் குசுகுசுத்தார்கள். அப்புறம் பாதி வரிசை பிரிந்து ஆட்டுரலுக்கு வந்துவிட்டது. இங்கே கூட்டம் குறைச்சல் என்பதுதான் காரணம். மறுநாள் பார்த்தால் என் குழவிக்கு நெற்றியில் குங்குமம், தலையில் அரளிப்பூ. மாவாட்டப் போனால், "ஆச்சி, அதுல உளுந்தையா போடப் போறிய?" என்று பக்தர்கள் என்னைக் கையைப் பிடித்துத் தடுக்கிறார்கள்.

"சார், இல்லைன்னு காட்டப் போயி, இருக்கிறதோட இன்னொண்ணைச் சேத்துவச்சிட்டியளே" என்றேன்.

அவர் விறுவிறுவென்று மாடி ஏறிவிட்டார். அந்த மாதம் முழுக்க 'இல்லை'தான்.

இனிமேல்தான் விஷயம்.

அவர் கூட்டங்களுக்கு மைக் செட் கட்ட வருகிற ஸ்ரீவைகுண்டத்துப் பையன் ஒருவன். இன்ஜினீயர், பெயர் இனியன். மைக் கட்டியவன் மதி மனசையும் கட்டிவிட்டான். இரண்டு வீட்டிலும் சம்மதம். பையனுடைய அப்பா வாழைத்தார் மொத்த வியாபாரி. வாழைத்தார் அண்ணாச்சி என்பார்கள். அசையாத நாத்திகர். கோயில்களுக்கெல்லாம் தார் போடுவார், ஆனால் வாசல் நடையைத் தாண்டமாட்டார். "நடை வரைக்கும் வியாபாரம். நடைக்கு உள்ள மூடநம்பிக்கை" என்பார். ஜாதகம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. சம்பந்தி பகுத்தறிவுக்காரர் என்பதே அவருக்குப் பெரிய சீர்.

அந்த நேரம் பார்த்து ஊசல் சாரை ரேடியோவில் பேசக் கூப்பிட்டார்கள். நேயர் ஒருவர் கடவுள் உண்டா என்று கேட்டு எழுதியிருந்தார். முந்தின நாள்தான் தபாலில் கனத்த கட்டு வந்திருந்தது. சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். தெரு முழுக்கக் கேட்டது.

எங்கள் சீமையில் பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், "உங்களுக்கு எந்த சாஸ்தா?" என்றுதான் கேட்பார்கள். பங்குனி உத்திரத்தன்று அவரவர் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகவேண்டும். ஊசல் சாரின் தாத்தா பங்காளிச் சண்டையில் ஊரைவிட்டு வந்தவர். வந்த வேகத்தில் சாஸ்தாவின் பெயரை அங்கேயே விட்டுவிட்டார். இப்படிப்பட்டவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் ஏற்பாடு உண்டு. மலையடிவாரத்தில் ஒரு சாஸ்தா இருக்கிறார். "எனக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் அவர் கணக்கு. எங்கள் குடும்பத்துக்கும் அவர்தான் என்பதால் வருஷா வருஷம் வேன் பிடிப்போம்.

ரேடியோவைக் கேட்ட தெருக்காரர்கள், பாவம், மனுஷர் வாய்விட்டே சொல்லிவிட்டார் என்று அந்த வருஷம் வேனில் அவருக்கும் ஓர் இடம் போட்டுவிட்டார்கள். சார் படியிறங்கி வந்து டிரைவரிடம் விளக்கம் சொன்னார்.

"நான் சொன்ன தெரியாது வேற வே. எந்த சாஸ்தான்னு தெரியாதுன்னு சொல்லல. சாஸ்தாவே இருக்காரான்னு தெரியாதுங்கேன்."

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பம் நீங்க எல்லாரையும் விட ரொம்பத் தெரியாதவரு. முன் சீட்டுல உக்காருங்க."

கோமு கண்ணைக் கசக்க, "மக்கள் நடத்தையைக் கவனிக்க வாறேன்" என்று ஏறினார். அங்கே போய் உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். வாசலுக்கு எதிரே ஒரு புளியமரம். பங்குனி உத்திரக் கூட்டத்தில் போட்ட செருப்போடு திரும்பியவர்கள் கிடையாது என்பதால், "சார், சும்மாதான இருக்கிய, இதைப் பாத்துக்கிடுங்க" என்று எல்லாரும் அவர் முன்னால் கழற்றிப் போட்டோம். திரும்பி வந்து பார்த்தால், ஜோடி ஜோடியாக நூலால் கட்டி, சிறிசு பெரிசு வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார். முன்பின் தெரியாதவர்கள் கூட அவரிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்று தொலையவில்லை.

அன்று அந்தக் கோயிலுக்குத் தார் இறக்க வந்தது யார் லாரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் வாழைத்தார் அண்ணாச்சி என் ஹாலில் நின்றார். உட்காரவில்லை.

"ஏன் வே, மலையடிவாரத்துல சாமி கும்பிட்டீராமே?"

"கும்பிடல அண்ணாச்சி. செருப்பைப் பாத்துக்கிட்டேன்."

"கோயிலுக்கு வந்தவன் செருப்புக்குக் காவல் இருந்தா அதுக்குப் பேரு கோயில் தொண்டு வே! ரேடியோவுல வேற தெரியாதுன்னு பேசியிருக்கீரு. வாற ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல கூட்டம். மேடையில ஏறி 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லும். சொன்னீருன்னா என் பய மாலை மாத்துவான். சொல்லலன்னா, தாரு வெட்டினாப்ல இன்னையோட முடிஞ்சுது."

அவர் போனதும் கோமுவின் தம்பி சங்கரலிங்கம் வந்தார். பிள்ளைக்குத் தாய்மாமன். தினம் கோயில் நடை திறக்கும்போது முதல் ஆளாக நிற்கிறவர்.

"அத்தான் மேடையில ஏறி இல்லைன்னு சொன்னா, நான் மாலை எடுத்துக்கிட்டு வரமாட்டேன். தாய்மாமன் இல்லாம நீங்களே கல்யாணத்தை நடத்திக்கிடுங்க."

எத்தனையோ கல்யாணம் நகைக்கு நின்று பார்த்திருக்கிறேன், ஜாதகத்துக்கு நின்று பார்த்திருக்கிறேன். இல்லைக்கும் தெரியாதுக்கும் நடுவில் ஒரு கல்யாணம் மாட்டிக்கொண்டு நின்றது இது ஒன்றுதான். சிரிக்கிறீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மதி முகத்தைப் பார்க்கிறவரைக்கும். அந்தப் பிள்ளை அழவில்லை. ஒரே புடவையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, பாதி நாளு அதைத்தான் சொல்லுதிய. அன்னைக்கும் சொல்லிருங்களேன். ஒரு வார்த்தைதானப்பா."

"ஒரு வார்த்தைதான்மா. அன்னைக்குக் காலையில எனக்கு எது தோணும்னு தெரியலையே."

கோமு அம்மன் கோயிலுக்கு நடையாக நடந்தாள். நானும் துணைக்குப் போனேன். சன்னதியில் நின்று கண்ணீரோடு அவள் வேண்டியதை என் காதால் கேட்டேன். "தாயே, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரரு நீ இல்லைன்னு சொல்லிரணும். அதைக் கேட்டு என் தம்பி கோவிச்சுக்கிடக் கூடாது. நெய்விளக்குப் போடுதேன்." அம்மனுக்கே சிரிப்பை அடக்கக் கஷ்டமாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து அதை அவரிடமும் சொல்லிவிட்டாள். சார் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். "நானுமா உன் வேண்டுதல்ல வந்துட்டேன்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றோரத் திடலில் கூட்டம். மூன்று மூங்கிலைக் கூட்டிக் கட்டி, நடுவில் என் செம்பு தொங்குகிறது. முன் வரிசையில் வாழைத்தார் அண்ணாச்சி. பின்னால் வேப்பமரத்தடியில் சங்கரலிங்கம், 'இல்லை' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து போவதற்குத் தோதாக ஓரத்தில். மைக் பக்கத்தில் இனியன், மைக்கைவிட ஒல்லியாக. நானும் கோமுவும் மதியும் பெண்கள் பக்கம்.

சார் மேடை ஏறினார். செம்பை மூக்குக்குக் கொண்டுபோனார். விட்டார். அது போய்த் திரும்பி வருகிறது. மூக்கருகே நின்று திரும்புகிறது. அசையாமல் நின்றபடியே பேசினார்.

"என் மக கல்யாணத்துக்காக நான் இங்கன ஒரு வார்த்தை சொல்லணுமாம். சில நாள் அது எனக்கு உண்மைன்னு படும். சில நாள் அவ்வளவு உறுதியாச் சொல்ல என்னால ஆகாது. இன்னைக்குக் காலையில எழுந்து பாத்தேன். அது உண்மைன்னுதான் பட்டுது."

கோமு என் கையைப் பிடித்து நெரித்தாள். அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். சங்கரலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஆனா சொல்ல மாட்டேன்."

செம்பு வந்து திரும்பியது.

"ஒண்ணு கிடைக்கணும்னு ஒண்ணைக் கொடுத்தா, அதுக்கு நம்ம ஊர்ல நேர்ச்சைன்னு பேரு. ஒருத்தரு கெடா வெட்டுவாரு, ஒருத்தரு மொட்டை போடுவாரு. நான் வார்த்தையைப் போடணுமாம். இருபது வருஷமா நேர்ச்சை கூடாதுன்னு பேசிக்கிட்டுத் திரியுதேன். என் பிள்ளைக்குன்னு வந்ததும் ஒரு நேர்ச்சை போட்டா, நான் இதுவரைக்கும் பேசினதெல்லாம் பொய்யாப் போயிரும். மதி, அப்பாவை மன்னிச்சிரும்மா."

அன்றுதான் முதல்முதலாக அவர் இமை கொட்டியதைப் பார்த்தேன்.  ஆற்றுச் சத்தம் கேட்டது.

வாழைத்தார் அண்ணாச்சி மேடையில் பாய்ந்து ஏறினார். "என்னவே சொல்லுதீரு? நேர்ச்சை வாங்குததுக்கு நான் என்ன சொடலைமாடனா?"

"நீங்கதான அண்ணாச்சி கேட்டிய. ஒரு வார்த்தை கொடு, கல்யாணத்தைத் தாறேன்னு."

எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது: "அண்ணாச்சி வரம் கொடுக்காருவே! சூடத்தைக் கொண்டாங்க!"

திடலே சிரிப்பில் குலுங்கியது. அண்ணாச்சி பதில் சொல்லத் திரும்பினார். திரும்பிய இடம் செம்பு வருகிற வழி. அது நேராக வந்து அவர் வயிற்றில் முட்டியது. இயற்கை விதி ஏமாற்றுவதில்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஆயுசு முழுக்கச் சாமியே இல்லை என்று சொன்னவரை ஊர் கூடிச் சாமியாக்கிவிட்டதே. அதிலிருந்து தப்ப அவருக்கு ஒரே வழிதான் இருந்தது.

"எனக்கு ஒரு நேர்ச்சையும் வேண்டாம். நீரு என்னத்தையும் சொல்லும், சொல்லாமப் போம். கல்யாணம் எப்பம்னு சொல்லும் வே!"

பின்னாலிருந்து சங்கரலிங்கம் கையைத் தூக்கினார். "அத்தான் இல்லைன்னு சொல்லலைல்லா? அப்பம் மாலை என்னோடது. ஆவணியில நல்ல நாளு பாப்போம்."

"நாளு பாக்கக் கூடாது!" என்றார் அண்ணாச்சி.

"சரி, லீவு நாளு பாப்போம்."

லீவு நாள்தான் வைத்தார்கள். அது நல்ல முகூர்த்த நாளும்தான் என்று சங்கரலிங்கம் பைய பஞ்சாங்கத்தில் பார்த்துவைத்திருந்தது அண்ணாச்சிக்குத் தெரியாது. தாய்மாமன் மாலையோடு வந்தார், மந்திரம் இல்லை. கோமு மட்டும் நெய்விளக்கைப் போட்டாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்ட வரத்தில் பாதிதானே நடந்தது. என் செம்பு ஒரு பக்கம் நசுங்கி வீடு வந்து சேர்ந்தது. அண்ணாச்சி வயிறு அவ்வளவு கெட்டி.

அதற்கப்புறம் ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் ஊசல் சார் யாரும் கூப்பிடாமலே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார். "நான் சாமிக்கு வரல ஆச்சி. செருப்புக்கு வாறேன்" என்பார். நூல்கண்டு பையில் இருக்கும். ஒரு வருஷமாவது நடையைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார் என்று நானும் பார்த்தேன். மாட்டார். வெயில் சாயச் சாய, செருப்பு வரிசையை நிழலுக்கு நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு, நாங்கள் வருகிறவரைக்கும் அங்கேயே இருப்பார். வெயிலில் கிடந்த செருப்பை மாட்டினால் எங்கள் கால் சுடுமாம்.

அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. வேன் இன்னமும் போகிறது. புளியமரமும் நிற்கிறது. நான் அங்கேதான் செருப்பைக் கழற்றுகிறேன். இதுவரைக்கும் தொலைந்ததில்லை.

"ஏ ஆச்சி, இம்புட்டுக் கூட்டத்துல இங்கன போட்டுட்டுப் போறியளே, யாரு பாத்துக்கிடுவா?" என்று இப்போது வருகிற புது டிரைவர் கேட்கிறார்.

"தெரியாதுய்யா" என்கிறேன். யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.